கேரிக்கு எதிராகச் சில குச்சிகள்

1

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் போன வாரம் போனில் கேட்டான்: "அங்க போயி இத்தினி வருஷத்துல இன்னாடா பண்ண?"

"பக்கத்து வூட்டுக்காரனோட ஒரு வேலித் தகராறு" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த ஆள் பயந்து திரும்பிப் போயிருப்பார். "அடப்பாவி! அதுக்கு இங்கியே இருந்திருக்கலாமே. இங்க இல்லாத வேலித் தகராறா? ஃபிளைட் ஏறிப் போயி பண்ணவன் நீ ஒருத்தன்தான்டா."

சிரிக்கட்டும். இந்த ஊரில் நான் உருப்படியாகப் போட்ட சண்டை அது ஒன்றுதான். அதைப் பற்றி வெட்கப்படுவதாக இல்லை. நடுவில் பயந்து நடுங்கியதைப் பற்றி மட்டும் கொஞ்சம் வெட்கம் உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இங்கே, இங்கிலீஷ்காரர்கள் ஊரில், ஒரு பிஸ்கட் ஆலையில் மெஷின் பார்க்கிறவன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் வாசனையில் வளர்ந்த மூக்குக்கு இந்த வாசனை சீக்கிரமே பழகிவிட்டது. என் மனைவி செல்வியும் அதே ஆலையில் பேக்கிங்கில் இருந்தாள். முழங்கால் போனபின் வீட்டோடு இருக்கிறாள். இந்தத் தகராறு நடந்தபோது மகள் கயல் வேறு ஊரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். பாதித் தமிழில் பேசி, மீதியைத் தோளைக் குலுக்கிச் சொல்லிவிடுவாள்.

பக்கத்து வீட்டில் பிரெண்டா என்ற வயதான அம்மா தனியாக இருக்கிறார். அவர் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவே பிரிவெட் என்ற செடியில் வேலி இருந்தது. மருதாணி இலையைக் கொஞ்சம் பளபளப்பாக்கி, குணத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டால் அதுதான் பிரிவெட். இங்கே தெருவுக்குத் தெரு இந்த வேலிதான். எங்களுடையது நெஞ்சளவு உயரம். காலையில் அந்தப் பக்கம் டீக்கோப்பையோடு பிரெண்டா வருவார். இந்தப் பக்கம் செல்வி போவாள். செல்விக்கு இங்கிலீஷ் பாதிதான் வரும். பிரெண்டாவுக்குக் காது பாதிதான் கேட்கும். கணக்கு நேராகிவிட்டது. முழங்கால், பிரஷர் மாத்திரை, பிள்ளைகள் போன் பண்ணாதது என்று ஒரு மணி நேரம் ஓடும்.

ஊரில் செல்வியின் அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் ஆலையில் இருந்தேன். செய்தி முதலில் வந்தது எனக்கல்ல, வேலிக்கு. நான் ஓடி வந்து சேர்ந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் நின்றபடியே வேலிக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வேலிதான் போனது.

2

வேலிக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. ஆட்கள் வந்தார்கள், மெஷினை விட்டுத் தோண்டினார்கள், குழாயைச் சரிசெய்தார்கள். பிரிவெட்டை வேரோடு பிடுங்கி லாரியில் போட்டுக்கொண்டு, "இடைஞ்சலுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு அட்டையைக் கதவில் செருகிவிட்டுப் போனார்கள். வாசல் ஓரமாக நின்ற சில புதர்கள் மட்டும் தப்பின.

வார இறுதியில் பிரெண்டாவின் மகன் கேரி வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கையில் டேப் இருந்தால் அளக்காமல் இருக்க முடியாதவன். ஆள் உயரத்துக்கு மேல் மரப்பலகை வேலி போடப்போவதாகச் சொன்னான். "அம்மாவுக்கு வயதாகிறது, குமார். பாதுகாப்பு வேண்டும். கண்டவர்களும் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கக் கூடாது."

அந்தத் தெருவில் எட்டிப் பார்க்கிற கண்டவர்கள் நாங்கள்தான். செல்வி அடுப்படி ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"பலகையெல்லாம் வேண்டாம். எங்கள் ஊரில் வெறும் குச்சியை நட்டு வேலி வளர்ப்போம். நான் வளர்த்துக் காட்டுகிறேன்."

கேரி சிரித்தான். "சரி. அக்டோபரில் என் ஆள் வருவான். அதுவரை வளர்த்துக் காட்டு."

உள்ளே வந்ததும் கவுன்சிலுக்குப் போன் போட்டேன், எல்லையில் இப்படிப் பலகை போடச் சட்டம் இருக்கிறதா என்று கேட்க. காத்திருக்கச் சொல்லிவிட்டு வயலின் வாசித்தார்கள். பிறகு ஒரு பெண், அது எங்கள் வேலை இல்லை, பத்திரத்தின் வரைபடத்தைப் பாருங்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன். எல்லை என்று ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டின் தடிமனிலேயே பழைய வேலி, குழாய், கேரி மூன்றும் அடங்கிவிடும். நம் ஊர் சர்வேயர் சங்கிலி பிடித்து, கல் நட்டு, அதற்குமேல் இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கிக்கொண்டு போவாரே, அந்த மனுஷனின் அருமை அன்றுதான் தெரிந்தது.

கயலுக்குப் போன் போட்டேன். "அப்பா, பலகை நல்லதுதானே? பிரைவசி" என்றாள்.

"அம்மா யார்கூடப் பேசுவா?"

"போன்ல என்கூடப் பேசட்டும்."

"நீ எடுக்கறதில்லையே."

தோளைக் குலுக்கியிருப்பாள், போனில் தெரியவில்லை.

3

குச்சி நடுகிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு மறியல் செய்தார்கள். எனக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அக்கா புருஷன் ஏழுமலை மாமா என்னை வெள்ளிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் தன் கொல்லையில் கிளுவை வேலியின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். போத்து வேண்டுமானால் வெட்டிக்கொண்டு போ என்றிருந்தார். போத்து என்றால் நட்டால் துளிர்க்கிற கொம்பு. கிளுவைப் போத்தை நெருக்கமாக நட்டுவிட்டால் முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டு, ஆடு மாடு நுழையாத வேலியாகிவிடும்.

மலை ஏறும்போது ஜீப் இருந்தது. இறங்கும்போது எதுவுமே ஓடவில்லை. போத்துக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்கினோம். அடிவாரத்தில் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் போலீஸ் வேன்.

"மாமா, போலீசு."

"இருக்கட்டுமே. நாம இன்னா பண்ணோம்?"

"தலையில மரம். இடுப்புல கொடுவாள்."

மாமா நின்று தன்னையே மேலும் கீழும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அட ஆமாண்டா மாப்ள" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. நான் கட்டைப் போட்டுவிட்டுக் கரும்புக்குள் ஓடிவிட்டேன். கரும்புச் சோகை முகத்தைக் கிழிக்க, சேற்றில் விழுந்து எழுந்து ஓடியவனை உள்ளே ஒரு கை பிடித்து இழுத்தது. அங்கே ஏற்கனவே ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள்.

"யார்ரா நீ? போலீசா?"

"இல்லீங்க. நானும் பயந்துக்கினுதான் வந்தேன்."

"அப்ப குந்து. இருமாத."

வெளியே மாமாவின் குரல் கேட்டது. "ஐயா, ரோட்டுல கெடக்கற மரத்தயும் பாருங்க, நான் தூக்கிக்கினு வந்ததயும் பாருங்க. இதப் போட்டு மறிச்சா ஆட்டுக்குட்டி கூட நிக்காதுங்க. இது வேலிக்குப் போத்துங்க."

"போத்துன்னா நட்டுக் காட்டு" என்றார் எஸ்.ஐ. அவருடைய ஸ்டேஷனுக்கு வேலி இல்லை. மனுஷருக்கு வந்த யோசனையைப் பாருங்கள்.

மாமா கரும்பைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "டேய் மாப்ள! வெளிய வாடா. குழி தோண்ட ஆள் இல்ல!"

உள்ளே இருந்தவர்கள் என்னை அப்படியே வெளியே தள்ளினார்கள். பொழுது சாயும்வரை நான் குழி தோண்டினேன், மாமா நட்டார். பாதியில்தான் கவனித்தேன்: எல்லாப் போத்தும் நுனி மண்ணுக்குள், அடி வானத்தில்.

"மாமா, தலகீழா..."

"வாய மூடிக்கினு மண்ணத் தள்ளு."

ஏட்டு ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். விவசாயக் குடும்பத்து முகம். ஒரு போத்தைத் தடவினார், மாமாவைப் பார்த்தார். "நல்லா ஆழமா நடுப்பா" என்று சொல்லிவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெறுங்கையோடு ஊருக்கு நடந்தோம். "போத்த அவங்க எடுத்துக்கினாங்க" என்றார் மாமா. "எந்தப் பக்கம் மேலன்னு நாமதான சொல்லணும்?"

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வந்த ஒதுக்கீட்டில்தான் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. இங்கே ஒரு பொங்கல் விழாவில் கண்ணாடி போட்ட ஒருவர், "ஓ, நீங்க கோட்டாவா?" என்றார், உடம்புக்கு என்ன என்று கேட்கிற குரலில். "ஆமாங்க. உள்ள வுட்டாங்க, வந்தேன். இப்ப நீங்க சாப்புடற பிஸ்கட்டு என் மெஷின்ல வெந்ததுதான்" என்றேன். அவர் கையிலிருந்ததைக் கீழே வைப்பதா, சாப்பிடுவதா என்று கொஞ்ச நேரம் திண்டாடினார்.

4

ஆகவே கேரியின் சவாலுக்கு ஊர் முறைப்படியே இறங்கினேன். மிஞ்சிய புதர்களில் தடித்தடியாகக் கிளைகளை வெட்டினேன். கார் ஷெட்டில் நிழலில் போட்டு ஒரு வாரம் வாடவிட்டேன். கிளுவைக்கு அப்படித்தான் செய்வோம். ஈரம் கொஞ்சம் வற்றினால்தான் மண்ணில் அழுகாமல் பிடிக்கும். பிறகு வெட்டுவாயில் வெயில் ஏறாமல் இருக்கத் தலையில் ஒரு உருண்டை சாணி வைக்க வேண்டும்.

சாணிக்கு எங்கே போவது? செடிக்கடையில் போய், மரியாதையான வார்த்தையாகத் தேடிப் பிடித்து, "பசுவின் மோஷன் கிடைக்குமா?" என்று கேட்டேன். நம் ஊர் டாக்டர்கள் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ். கடைப்பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் மாத்திரை மாதிரி உருட்டிக் காயவைத்த எருவை ஒரு பையில் கொடுத்தார்கள். தண்ணீரில் ஊறவைத்து, உருட்டி, ஒவ்வொரு குச்சியின் தலையிலும் வைத்து வரிசையாக நட்டேன்.

சனிக்கிழமை கேரி வந்து பார்த்தான். வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொப்பி.

"குமார், இது ஏதாவது பூஜையா?"

"பொறு" என்றேன்.

அவன் பொறுத்தான். ஜூலையும் வந்தது. குச்சிகளின் மேல் கருங்குருவிகள் உட்கார்ந்து பாடின. ஒரு நாள் காலை ஒரு குச்சியில் பச்சையாக இரண்டு இலை! முழங்கால் வலியோடு இருந்த செல்வியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

செல்வி குனிந்து பார்த்தாள். "இது கொடிங்க. பக்கத்துல இருந்து ஏறிக்கினு இருக்குது." குச்சியைப் பிடித்து ஆட்டினாள். சட்டியில் வைத்த கரண்டி மாதிரி ஆடியது. "உங்க குச்சி செத்து ரொம்ப நாளாவுது."

அப்போதுதான் எனக்கு நிஜமான கிலி பிடித்தது. செடிக்கடைக்கு ஓடினேன். வரிசை வேலிக்கு நடுகிற செடியெல்லாம் குளிர்காலம் தொடங்கித்தான் வரும் என்றார்கள். கேரியின் ஆள் அக்டோபரில் வருவான். கயலுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் ஏதோ வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க காய வச்சீங்களா? அது கள்ளி இல்லப்பா! காயவே கூடாதாம். பென்சில் மாதிரி மெல்லிசா, இந்த வருஷம் வந்த கொம்பா வெட்டணுமாம்." அதற்குமேல் சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு என்னோடு அவ்வளவு நேரம் பேசினாள். என் முட்டாள்தனத்துக்கு அந்த மட்டும் லாபம்.

5

இரண்டாவது முயற்சியைச் செல்வி எடுத்துக்கொண்டாள். "நீங்க மெஷின் பாருங்க. செடிய நான் பாக்கறேன்."

இளங்கொம்பைக் கணுவுக்குக் கீழே நறுக்கினாள். அடி இலைகளை உருவினாள். மேலே நாலு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரித்தாள். தயிர் டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டு, மணலும் மண்ணும் கலந்து நிரப்பி, குத்தி வைத்து, தண்ணீர் தெளித்து, மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்தாள். ஜன்னலெல்லாம் டப்பா. இட்லிப் பாத்திரத்துக்கு இடம் இல்லாமல் அது சோபாவுக்குக் குடிபோனது.

நான் காலையில் ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பேன், வேர் விட்டதா என்று. சாயங்காலம் இன்னொன்று. டப்பாக்கள் குறைவதைச் செல்வி கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க?"

"வேர் வுட்டுடுச்சான்னு..."

"நீங்க புடுங்கனா அது எப்பிடி வுடும்? இனிமே கை வச்சீங்க, உங்களத் தூக்கி டப்பாவுல வச்சிப் பையைக் கவுத்துடுவேன்."

அடுப்படிப் பக்கம் போகவே எனக்குத் தடை. அந்த நாட்களில் செல்வியும் பிரெண்டாவும் நடுவே பள்ளமும் சேறும் கிடக்க, அவரவர் கதவில் நின்று கத்திப் பேசினார்கள். பிரெண்டாவுக்குக் கேட்காது. செல்வி ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டுவாள். பிரெண்டா கட்டை விரலை உயர்த்துவார். பேச்சு அவ்வளவுதான் என்றாகிவிட்டது.

செப்டம்பரில் செல்வி என்னைக் கூப்பிட்டு ஒரு கொம்பை மெல்ல இழுக்கச் சொன்னாள். வரவில்லை. மண்ணுக்குள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

6

நடுகிற அன்று நான் கயிறு கட்டினேன். எங்கள் பக்கத்தில் எல்லையில் வேலி நடும்போது ஒரு முறை உண்டு. கயிற்றின் ஒரு முனையை நடுகிறவன் பிடிப்பான். மறுமுனையைப் பக்கத்துக் கொல்லைக்காரன் பிடிக்க வேண்டும். பிடித்தால் வேலி இரண்டு பேருக்கும் சொந்தம். கூப்பிட்டும் வராதவனுக்கு அப்புறம் பேச்சில்லை. கூப்பிடாமல் நட்டாலோ, மறுநாள் காலையில் அங்கே வேலியும் இருக்காது, உறவும் இருக்காது.

சட்டம் சிவப்புக் கோட்டில் மாட்டிக்கொண்டு கிடந்ததால் நான் இதைத்தான் நம்பினேன். கேரிக்கு ஒரு மெசேஜ் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை நடுகிறோம், வா என்று. அவன் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினான். பிரெண்டாவைக் கூப்பிட்டேன். முறையைச் சொன்னேன், அவருடைய நல்ல காதுப் பக்கமாக நின்று.

அவர் கேட்டுவிட்டு, "என் புருஷன் இருந்தவரை என்னை வேலியைத் தொடவே விட்டதில்லை. நேராக வெட்டத் தெரியாது என்பார்" என்றார். பிறகு கயிற்று முனையை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மூட்டு வலிக்கும், தரையில் குத்திவிடலாம் என்றேன். மறுத்துவிட்டார். கடைசிச் செடி நடும்வரை நின்றார்.

7

அக்டோபரில் கேரி ஆளோடு வந்தான். லாரியில் பலகைகள். ஆள் கையில் குழி போடுகிற மெஷின். எங்கள் வேலி ஒரு சாண் உயரத்தில் வரிசையாக நின்றது.

"குமார், இது வேலியா, சாலடா?"

நான் இங்கிலீஷில் ஒரு பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்று சட்டமும் ஒரு எச்சரிக்கையும் இருந்தன அதில். வாயைத் திறந்தேன். "சாரி" என்று வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடியும் அதேதான்.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. பிரெண்டா சமையலறை நாற்காலி ஒன்றைப் புல்லில் இழுத்துக்கொண்டே வந்தார். ஆள் குழி போடக் குறித்த இடத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.

"கேரி, நான் கயிறு பிடித்தேன்."

"என்ன கயிறு, அம்மா?"

"எல்லைக் கயிறு. உன்னையும் கூப்பிட்டார்கள். நீ வரவில்லை. வராதவனுக்குப் பேச்சில்லை."

"யார் சொன்னது?"

"அவர்கள் ஊரில் சொல்வார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது."

செல்வி எங்கள் பக்கத்திலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, செடி வரிசைக்கு இந்தப்புறம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஞாபகம் வந்து எழுந்துபோய் டீ கொண்டுவந்தாள், குழி போட வந்தவனுக்கும் சேர்த்து. அவன் டீயை வாங்கிக் குடித்துவிட்டு, "உன் அம்மா மேல் நான் குழி போட முடியாது கேரி" என்று மெஷினை லாரியில் ஏற்றிவிட்டான்.

கேரிக்கு முகம் சிவந்தது. "அம்மா, உனக்காகத்தானே செய்கிறேன்!"

"எனக்காக என்றால் என்னைக் கேட்டாயா?" என்றார் பிரெண்டா. "நாள் முழுக்க நான் யாரோடு பேசுகிறேன் என்று உனக்குத் தெரியுமா? நீ ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாய். மற்ற நாள்?"

கேரி செடிகளைப் பார்த்தான். விடவில்லை அவன். "இது சும்மா இருக்காது. விட்டால் கூரை வரை வளரும். அப்போது மட்டும் அந்தப் பக்கம் என்ன தெரியப்போகிறது உனக்கு?"

"வெட்டுவோம்" என்றேன். முதல் முறையாக என் வாயிலிருந்து சாரி தவிர ஒரு வார்த்தை.

"எந்த உயரத்துக்கு?"

பிரெண்டா நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தன் தாடைக்குக் கீழே காட்டினார். "இதுவரை."

கேரி பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தான். மண்ணிலிருந்து அம்மாவின் தாடைவரை அளந்தான். "இதற்கு மேல் ஒரு இஞ்ச் போனாலும் பலகைதான்" என்று என்னிடம் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது வேலி முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த அளவைத் தாண்டி எப்போதோ வளர்ந்துவிட்டது, வெட்டிக்கொண்டே இருக்கிறோம். அளவு டேப்பில் இல்லை. பிரெண்டாவைக் கூப்பிட்டு நிறுத்தி, தாடையைப் பார்த்துத்தான் வெட்டுகிறோம். அவர் வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டே வருகிறார். வேலியும் கூடவே இறங்குகிறது. செல்வி இப்போது கொஞ்சம் குனிந்துதான் பேசுகிறாள்.

போன சனிக்கிழமை கேரி தன் வண்டியிலிருந்து ஒரு புதுக் கத்தரியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். "குமார், வேலி இரண்டு விரல் அதிகமாக இருக்கிறது. அம்மாவுக்கு மறைக்கிறது. நீ கவனிப்பதில்லையா?" என்று சத்தம் போட்டான்.

வெட்டட்டும். ஆனால் அவன் பக்கத்தை மட்டும்தான். என் பக்கத்தை நான்தான் வெட்டுவேன்.